400 டாலர் மடக்குக்கத்தி கைக்கு வந்ததும் எதைப் பார்க்க வேண்டும்?

காரிமங்கலத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவிலிருந்து வந்த அவருடைய மாமா, கிறிஸ் ரீவ் கம்பெனியின் ஸ்மால் செபென்சா 31 என்ற மடக்குக்கத்தியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். விலையைத் தேடிப் பார்த்ததும் தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. அவர் சொல்வது இது: "திறந்தால் விறைப்பாக இருக்கிறது. பார்க்க ஒரு வேலைப்பாடும் இல்லை. வாரச் சந்தையில் 150 ரூபாய்க்கு வாங்கிய கத்தியும் மாங்காயை இதே மாதிரிதான் நறுக்குகிறது. இதில் அப்படி என்னதான் இருக்கிறது அண்ணா? எப்படித் தீட்டுவது, பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வெளியே போகலாமா, இல்லை விற்றுவிடட்டுமா?"

தம்பி, விற்பதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். ஓசூரில் டூல் ரூமில் டை, பஞ்ச் (தகடு வெட்டும் அச்சுகள்) செய்து பிழைக்கிறவன் நான். சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம், வீட்டில் மாந்தோப்பு உண்டு. இரும்போடும் மாங்காயோடும் பழகியவன் என்பதால் உங்கள் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்லத் தோன்றுகிறது. இந்தக் கத்தியின் முந்தைய வடிவமான 21 பல வருடமாக என் பாக்கெட்டில் இருக்கிறது. நண்பர் ஒருவருடைய 31-ஐயும் பிரித்துப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கூர்மையை வைத்து ஒப்பிட்டிருக்கிறீர்கள். முதல் நாளில் கூர்மையில் பெரிய வித்தியாசம் தெரியவே தெரியாது. கொல்லுப்பட்டறையில் பதமாகத் தீட்டிக் கொடுத்த அரிவாள்மனை இதைவிடக்கூட நறுக்கென்று அரியும். உங்கள் மாமாவின் காசு போயிருப்பது இரண்டு இடத்தில்: ஒன்று அந்த மூட்டு, இன்னொன்று அலகின் எஃகு. மூட்டை இன்றைக்கே விரலால் தொட்டுத் தெரிந்துகொள்ளலாம். எஃகு தெரிய ஒரு மாங்காய் சீசன் போக வேண்டும்.

விறைப்பிலிருந்து தொடங்குகிறேன். கத்தியை மடக்கியபடி வலது கையில் எடுத்து, அலகின் பக்கவாட்டில் இருக்கும் நீலக் குமிழில் கட்டைவிரலை வையுங்கள். அப்படியே நிறுத்திவிட்டு, மற்ற விரல்கள் எங்கே அழுத்துகின்றன என்று பாருங்கள். இந்த வகைக் கத்தியைப் புதிதாகப் பிடிக்கிறவர்களுக்கு நடுவிரலும் மோதிரவிரலும் பெரும்பாலும் பின்பக்கத் தகட்டில், நீளமாகக் கீறிவிட்டிருக்கும் பட்டையின் மேல்தான் இருக்கும். அந்தப் பட்டைதான் பூட்டு. அதன் உட்புறத்தில் ஒரு சின்ன செராமிக் குண்டு பதித்திருக்கிறது. கத்தி மடங்கியிருக்கும்போது அந்தக் குண்டு அலகில் இருக்கும் சிறு குழியில் உட்கார்ந்து, பாக்கெட்டுக்குள் தானாக விரிந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும். நீங்கள் பட்டையை அழுத்த அழுத்தக் குண்டு குழிக்குள் இன்னும் இறுக்கமாக உட்காரும். கட்டைவிரல் திறக்கப் பார்க்கிறது, அதே கையின் மற்ற விரல்கள் திறக்க விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. விரல்நுனிகளைப் பட்டையிலிருந்து விலக்கிக் கைப்பிடியின் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். கட்டைவிரலால் குமிழை வெளிப்பக்கம் தள்ளாமல், அலகு சுற்றும் வளைவிலேயே மேலே கொண்டுபோங்கள். பாதி விறைப்பு அங்கேயே போய்விடும்.

மீதி விறைப்பு புதுசு என்பதால் வருவது. அலகுக்கு இரண்டு பக்கமும் பாஸ்பர் பிரான்ஸ் வாஷர் போட்டிருக்கிறார்கள், அதில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், கிரீஸ் அங்கே தங்கிக்கொள்ளும். திறந்து மூட மூட வாஷர் பளபளப்பாகி, அலகு எண்ணெயில் மிதப்பது போல ஒரே சீராக வரத் தொடங்கும். இப்போது வருகிற பல கத்திகளில் பால் பேரிங் போடுகிறார்கள். அவை சுண்டினால் சடக்கென்று விரியும், பார்க்க அழகுதான். ஆனால் நம் செம்மண் காட்டில் நாள் முழுக்க நிற்கிறவனுக்கு நான் வாஷரைத்தான் சொல்வேன். பேரிங்கின் குண்டுகளுக்கு நடுவே மண் புகுந்தால் நறநறக்கும். வாஷர் கொஞ்சம் மண்ணைத் தாங்கிக்கொண்டு ஓடும்.

மூட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கத்தியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சாதாரண மடக்குக்கத்தியில் நடுத் திருகாணியை இறுக்கினால் அலகு பிடித்துக்கொள்ளும், தளர்த்தினால் ஆடும். இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு இடத்தில் நிறுத்தி, அது நழுவாமல் இருக்கப் பசை போட்டு வைப்பார்கள். உங்கள் சந்தைக் கத்தியில் ரிவெட் அடித்திருப்பார்கள், அதைச் சரிசெய்யவே முடியாது. செபென்சாவில் அலகின் துளைக்குள் ஒரு எஃகுப் புஷ், அதாவது சின்னக் குழாய், இருக்கிறது. அலகின் தடிமனும் இரண்டு வாஷர்களின் தடிமனும் சேர்ந்தால் எவ்வளவோ, அதைவிட ஒரு துளி மட்டும் புஷ்ஷின் நீளம் கூடுதல். திருகாணியை நீங்கள் எவ்வளவு இறுக்கினாலும் அந்த இறுக்கம் புஷ்ஷின் மேல்தான் விழும், அலகு தன் பாட்டுக்குச் சுற்றும். ஆட்டமும் இல்லை, பிடிப்பும் இல்லை.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அந்த "ஒரு துளி" கொஞ்சம் கூடினால் அலகு ஆடும், கொஞ்சம் குறைந்தால் நின்றுவிடும். அதனால் அலகு, வாஷர், புஷ் மூன்றையும் மைக்ரான் கணக்கில் பிடிக்க வேண்டும். அங்குலத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 13 மைக்ரானுக்கும் குறைவு என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். ஒரே ஒரு புஷ்ஷை அந்த அளவில் கிரைண்டிங் செய்து கொடுக்க நம் ஓசூர் டூல் ரூமிலும் ஆள் இருக்கிறார்கள். ஆனால் வருகிற ஒவ்வொரு கத்தியிலும் அதே அளவு, பத்து வருடம் கழித்துப் பிரித்துப் பூட்டினாலும் அதே அளவு என்றால் மெஷின், கேஜ், இன்ஸ்பெக்ஷன், கழித்துப் போடும் ரிஜெக்ஷன் எல்லாம் சேர்ந்துதான் விலை. மாமா கொடுத்த காசில் பெரும்பங்கு உங்கள் கண்ணுக்குத் தெரியாத இந்தப் புஷ்ஷில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

பரிசோதிக்க வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். கத்தியை மடக்கி மேலிருந்து பாருங்கள், அலகு இரண்டு தகட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். திறந்து, அலகின் முதுகைப் பிடித்துக்கொண்டு இடம் வலமாகவும் மேலும் கீழுமாகவும் அசைத்துப் பாருங்கள், கையில் ஒரு "டிக்" கூடத் தட்டுப்படக் கூடாது. பூட்டுப் பட்டை அலகின் அடிப்பாகத்துக்குப் பின்னால் எவ்வளவு தூரம் வந்து நிற்கிறது என்று பாருங்கள். முழுவதும் எதிர்ப்பக்கம் போய் முட்டக் கூடாது, ஓரத்தில் தொட்டும் தொடாமலும் நிற்கவும் கூடாது. பாதி அளவுக்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ நின்றால் சரி, தேய்மானத்துக்கு இன்னும் இடம் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தகட்டின் விளிம்பில் நகத்தால் தேய்த்துப் போங்கள். எங்காவது பிசிரோ கூர் விளிம்போ நகத்துக்குத் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். "வேலைப்பாடு இல்லை" என்றீர்களே, வேலைப்பாடு அங்கேதான் இருக்கிறது.

இந்தப் பூட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. கைப்பிடிக்குள் மெல்லிய தகடு ஒன்றை ஸ்பிரிங் மாதிரி வளைத்து அலகைத் தாங்க வைக்கும் முறையை 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கர் செம்மைப்படுத்தினார். தென்னாப்பிரிக்காவில் கத்தி செய்துகொண்டிருந்த கிறிஸ் ரீவ், தனியாகத் தகடு எதற்கு என்று யோசித்து, கைப்பிடியையே கீறி அதையே பூட்டாக்கினார். முதல் செபென்சா 1987-இல் வந்தது. 1989-இல் அவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். இப்போது ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் செய்கிறார்கள். இன்று சீனாவிலிருந்து வரும் டைட்டானியம் மடக்குக்கத்திகளில் பெரும்பாலானவை இதே பூட்டைத்தான் வைத்திருக்கின்றன.

டைட்டானியத்துக்கு ஒரு குணம் உண்டு. கடினமான எஃகின் மேல் அழுத்தி உரசினால் ஒட்டிப் பிடிக்கும். டூல் ரூமில் டைட்டானியம் வெட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். கைப்பிடியையே பூட்டாக்கிய (ஃபிரேம் லாக் என்பார்கள்) பழைய கத்திகளில் பூட்டு ஒட்டிக்கொண்டு, மூடும்போது கட்டைவிரல் வலிக்கும். உங்கள் 31-இல் அலகைத் தாங்குவதும் அந்தச் செராமிக் குண்டுதான், மடக்கியிருக்கும்போது பிடிப்பதும் அதுதான். ஒட்டும் பிரச்சினை அதோடு தீர்ந்தது. அந்த இடத்தில் எண்ணெய் விடாதீர்கள். மூடும்போது பட்டையைக் கட்டைவிரலால் தள்ளி, அலகு கொஞ்சம் மடங்கியதும் கட்டைவிரலை வழியிலிருந்து எடுத்துவிடுங்கள். மணிக்கட்டைச் சுழற்றித் திறக்கும் விளையாட்டு வேண்டாம். கத்திக்கும் கெடுதல், டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் கிலி.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மணல் அடித்த சாம்பல் நிறத் தகடு, கல்லோடு உருட்டி எடுத்த அலகு, 7.6 சென்டிமீட்டர் நீளம், மொத்த எடை சுமார் 85 கிராம். தகடு கிரேடு 5 டைட்டானியம்: அலுமினியம் 6 சதவீதம், வனேடியம் 4 சதவீதம். குமிழின் நீலம் பெயின்ட் இல்லை. டைட்டானியத்தில் மின்சாரம் பாய்ச்சினால் மேலே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் வளரும், அதன் கனத்தைப் பொறுத்துக் கண்ணுக்கு நிறம் தெரியும். வோல்டேஜை மாற்றினால் நிறமும் மாறும். வழவழப்பான டைட்டானியம் ஈரக் கையில் வழுக்கும், அது இந்த உலோகத்தின் இயல்பு. மாம்பழச் சாறு வழிந்த கையோடு வேலை செய்யும்போது கவனமாக இருங்கள்.

இப்போது எஃகுக்கு வருகிறேன்.

உங்கள் மாமா அண்மையில் வாங்கியிருந்தால் அலகு மேக்னாகட் என்ற எஃகாக இருக்கும். இந்த மாடல் வந்த புதிதில் எஸ்35விஎன், பிறகு எஸ்45விஎன் போட்டார்கள். மூன்றுமே பொடி உலோக முறையில் செய்தவை. மேக்னாகட்டை வடிவமைத்தவர் லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர், ஆண்டு 2021. கத்திக்காகவே ஓர் எஃகை அடியிலிருந்து யோசித்துச் செய்தார் என்பதுதான் அதில் விசேஷம்.

நம் டூல் ரூம்களில் தினம் புழங்குகிற டி2 என்ற எஃகை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீதம். பஞ்சுக்கும் டைக்கும் அது ராஜா. இப்போது குறைந்த விலைச் சீனக் கத்திகளிலும் அதைப் போடுகிறார்கள். ஆனால் 12 சதவீதம் குரோமியம் இருந்தும் டி2 துருப்பிடிக்கும். காரணம், குரோமியத்தில் நிறையப் பங்கு கார்பனோடு சேர்ந்து கார்பைடு கட்டிகளாகப் போய்விடுகிறது. துருவைத் தடுக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கட்டிகளும் பெரிசு பெரிசாக இருக்கும். சரியாகக் கிண்டாத கேழ்வரகுக் களியில் மாவுக்கட்டி நிற்குமே, அதே மாதிரி. கனமான பஞ்சில் அது பலம். மெல்லிய கத்தி வாயில் அந்தக் கட்டி பெயர்ந்து விழுந்தால் ஒரு சின்னப் பல் போன மாதிரி ஆகிவிடும்.

மேக்னாகட்டில் குரோமியம் 10.7 சதவீதம்தான், டி2-வைவிடக் குறைவு. ஆனால் குரோமியம் கார்பைடே உருவாகாதபடி கணக்குப் போட்டிருக்கிறார்கள். குரோமியம் முழுவதும் இரும்போடு கரைந்து நின்று துருவைத் தடுக்கிறது. தேயாமல் இருப்பதற்கு 4 சதவீதம் வனேடியமும் 2 சதவீதம் நியோபியமும் கார்பைடாகி உழைக்கின்றன. உருகிய எஃகை வாயுவால் பீய்ச்சிப் பொடியாக்கி, டப்பாவில் அடைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் மறுபடி கெட்டியாக்குவதால் இந்தக் கார்பைடுகள் மிகமிக நுண்ணியவையாக, சீராகப் பரவியிருக்கும். பிறகு வழக்கமாக 1,100 டிகிரியை ஒட்டிய சூட்டில் வைத்து, வேகமாகக் குளிர்த்து, பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே கொண்டுபோய், 200 டிகிரிக்குள் மறுபடி மிதமாகச் சூடாக்கி டெம்பர் செய்வார்கள். கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 60-ஐத் தாண்டி நிற்கும். சுவிஸ் ராணுவக் கத்தி என்று நாம் சொல்கிற விக்டோரினாக்ஸின் அலகு 56-ஐ ஒட்டி இருக்கும். சந்தைக் கத்தி அதற்கும் கீழே.

இதை நம் தோப்பில் எப்படிப் பார்ப்பது? காம்பு கிள்ளியதும் பால் வடிகிற பெங்களூரா காயை எடுத்துக்கொள்ளுங்கள். சாதா இரும்புக் கத்தியால் அரிந்தால் கொஞ்ச நேரத்தில் அலகும் கறுக்கும், வெட்டின முகமும் கறுக்கும், வாயில் போட்டால் இரும்பு வாடை அடிக்கும். காயின் புளிப்பு இரும்பைக் கரைக்கிறது, காயிலிருக்கும் துவர்ப்புச் சத்து அந்த இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. உங்கள் புதுக் கத்தியால் அரிந்து, கழுவாமல் சாயங்காலம் வரை வைத்துப் பாருங்கள். எவர்சில்வரில் செய்த சந்தைக் கத்தியும் கறுக்காது என்று நீங்கள் சொல்லலாம், உண்மைதான். ஆனால் அந்தக் கத்தியால் மாம்பழ அட்டைப் பெட்டிகளை வெட்டுங்கள், சொட்டுநீர்க் குழாய் வெட்டுங்கள், நைலான் கயிறு அறுங்கள். அட்டைக்குள் இருக்கும் நுண்ணிய மண்ணும் தூசியும் வாயைத் தேய்த்துவிடும். ஒரு வாரத்தில் தக்காளித் தோலில் வழுக்கும். புதுக் கத்தி அதற்குப் பிறகும் காகிதத்தைக் கிழிக்காமல் வெட்டிக்கொண்டிருக்கும். எஃகுக்குக் கொடுத்த காசு அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரியும்.

நம் மண்ணுக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது, சொல்லாமல் போக மனம் வரவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று 2022 மே மாதம் தமிழக அரசு அறிவித்தது. பிற்காலத்தில் தமிழகத்து மண்குவைகளில் உருக்கிய எஃகு கடல் கடந்து போனது. அந்த எஃகில் செய்த டமாஸ்கஸ் வாள்களில் தெரியும் அலையலையான கோடுகள் எப்படி வந்தன என்று வெர்ஹோவன் என்ற பேராசிரியரும் பென்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து ஆராய்ந்து 1998-இல் எழுதினார்கள். எஃகில் ஒரு சதவீதத்திலும் நூறில் ஒரு பங்கு என்கிற அளவில் ஒட்டிக்கொண்டு வந்த வனேடியம் போன்றவைதான் கார்பைடுகளை வரிசையாக நிற்க வைத்தன என்பது அவர்கள் முடிவு. அன்றைக்குத் தாதோடு தெரியாமல் வந்த வனேடியத்தை இன்றைக்கு எடைபோட்டு 4 சதவீதம் சேர்க்கிறார்கள்.

தீட்டுவது. மிதிவண்டிச் சாணைக்காரரிடம் இதைக் கொடுக்காதீர்கள். அவர் தொழில் மேல் எனக்குக் குறையில்லை, கொடுவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அவர் கல் பொருத்தம். இந்த அலகு 200 டிகிரிக்குள் டெம்பர் ஆனது. தண்ணீர் இல்லாமல் சுற்றும் கல்லில் மெல்லிய வாய் சில நொடியில் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். வாயோரம் நீலம் பூத்தால் 300 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று பொருள். நீலம் தெரியாவிட்டாலும் உள்ளே பதம் போயிருக்கலாம். அந்த வாயை இனி எவ்வளவு தீட்டினாலும் நிற்காது. சாதா சாணைக்கல்லில் கையால் தேய்ப்பதும் இதற்குச் சிரமம். வனேடியம் கார்பைடு அந்தக் கல்லின் அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினம். கார்பைடை வெட்டாமல் சுற்றியிருக்கும் இரும்பை மட்டும் கல் தேய்க்கும்.

டைமண்ட் பிளேட் ஒன்று வாங்குங்கள், ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 என்று இணையத்தில் கிடைக்கிறது. தண்ணீர் தெளித்து, அலகின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கிப் பிடித்தால் 20 டிகிரி வரும். கருப்பு மார்க்கரால் வாயோரம் கோடு போட்டுக்கொண்டு இரண்டு தேய்ப்புத் தேய்த்துப் பாருங்கள். மை நுனியில் அழிந்தால் கோணம் அதிகம், மேலே அழிந்தால் கோணம் குறைவு. ஒரு பக்கம் தேய்த்ததும் எதிர்ப்பக்கத்தில் பிசிர் எழும்பும், பெருவிரலை வாய்க்குக் குறுக்கே மெதுவாக இழுத்தால் சொரசொரவென்று தட்டுப்படும். நுனியிலிருந்து அடிவரை பிசிர் வந்த பிறகு மறுபக்கத்துக்குப் போங்கள். கடைசியில் அழுத்தமே இல்லாமல் மாற்றி மாற்றித் தேய்த்துப் பிசிரை எடுத்துவிட்டு, பழைய தோல் பெல்ட்டில் பின்பக்கமாக இழுங்கள். 1000-க்கும் பெல்ட்டுக்கும் போனாலே உங்கள் வேலைக்குப் போதும். 400 எப்போதாவது வாய் பல்லுப் போனால்தான்.

மாம்பழச் சாறு மூட்டுக்குள் போனால் சர்க்கரை இறுகி ஒட்டும். திறந்து வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, உதறி, காயவைத்தால் போதும். எப்போதாவது ஒருமுறை, பெட்டியோடு வந்த திருகாணிச் சாவியால் பிரித்துத் துடைத்து, கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். பிரிப்பதற்கு அந்தக் கம்பெனியே சாவி கொடுக்கிறது, பயப்பட வேண்டாம். தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். நாளானால் சிக்கு வாடை அடிக்கும், மார்கழிக் குளிரில் ஓசூர்ப் பக்கம் வந்தால் மூட்டுக்குள்ளேயே உறைந்தும் போகும்.

செய்யக் கூடாதவை: மாங்கொட்டையைப் பிளப்பது, பெயின்ட் டப்பா மூடியை நெம்புவது, ஊறுகாய்க்குக் கொட்டையோடு காய் போடுவது. அதற்கெல்லாம் அரிவாள்மனை இருக்கிறது. சந்தூர்ப் பக்கம் நர்சரியில் ஒட்டுக் கட்டுகிறவர்கள் யாராவது கேட்டால், அந்த வேலைக்கும் இது ஆகாது என்று சொல்லிவிடுங்கள். ஆப்பு ஒட்டுக்குக் குச்சியைச் சீவும்போது முகம் தட்டையாக விழ வேண்டும். அதற்கு ஒருபக்கம் மட்டும் சீவிய வாய் வேண்டும், அல்லது அவர்கள் வைத்திருக்கும் பிளேடே போதும். செபென்சாவின் அலகு இரண்டு பக்கமும் குழிவாகச் சீவியது, பழத்துக்கும் கயிற்றுக்கும் அட்டைக்கும் உகந்தது.

வெளியே கொண்டுபோவது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளில் உரிமம் சம்பந்தமாகக் குறிப்பிடுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைத்தான், அதிலும் வீட்டு வேலை, விவசாயம், தொழில் இவற்றுக்காகச் செய்தவை நீங்கலாக. உங்கள் கத்தி 3 அங்குலம். அளவுப்படி பிரச்சினை இல்லை. ஆனால் சட்டம் ஒன்று, ஊர்க்கண் ஒன்று. கிளிப்பை வெளியே மாட்டிக்கொண்டு தேர்த்திருவிழாவுக்கோ அரசியல் கூட்டத்துக்கோ போனால், சூரிக்கத்தி என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள், போலீஸ்காரரும் கேட்பார். கேட்டால் பதில் சொல்ல வேண்டிய நிலை உங்களுக்கு. தோப்புக்கும் காட்டுக்கும் மண்டிக்கும் கொண்டுபோங்கள், பாக்கெட்டின் அடியில் வையுங்கள். கோர்ட், கலெக்டர் ஆபீஸ், பள்ளிக்கூடம், மெட்ரோ ரயிலுக்கு வேண்டாம். விமானத்தில் கையோடு கொண்டுபோக முடியாது, செக்-இன் பெட்டியில் போட வேண்டும்.

400 டாலர் தகுமா என்ற கேள்விக்கு நேராகவே சொல்கிறேன். வெட்டும் வேலைக்கு மட்டும் என்றால் தகாது. 1890-இலிருந்து பிரான்சில் செய்துவரும் ஓபினெல் எண் 8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மரப்பிடி, எட்டரை சென்டிமீட்டர் அலகு, 1955-இல் சேர்த்த வளையப் பூட்டு. மெல்லிய அலகு என்பதால் மாம்பழத்தை இதைவிட அழகாகவே சீவும். விக்டோரினாக்ஸில் கத்தியோடு கத்தரியும் சேர்ந்து வருகிறது. இவை இரண்டும் நம்மூர் சம்பளத்துக்கு எட்டுகிறவை. உங்கள் சொந்தக் காசில் வாங்கலாமா என்று கேட்டிருந்தால் முதலில் அவற்றைத்தான் காட்டியிருப்பேன். ஆனால் கேள்வி அது இல்லை. கத்தி வந்துவிட்டது, மாமா ஆசையாகக் கொடுத்தது.

அதனால் இதைப் பெட்டியில் பூட்டி வைப்பதைத்தான் நான் வேண்டாம் என்பேன். தொண்டைமானின் ஆயுதச்சாலையில் மயிற்பீலி சூடி நெய் பூசி நின்ற வேல்களைப் பார்த்துவிட்டு, எங்கள் அதியமானின் வேல்கள் போரில் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை சொன்ன தகடூர் உங்கள் ஊர். கீறல் விழட்டும். டைட்டானியத்தில் கீறல் விழுந்தால் வேலைக்கு ஒன்றும் குறையாது.

விற்பதானால் அவசரப்படாதீர்கள். செந்தூரா மாம்பழம் வரும்போது கையில் எடுத்து, நீலம் மாம்பழ சீசன் முடியும் வரை வைத்து வேலை செய்யுங்கள். அதற்குள் மூட்டும் பழகிவிடும், எஃகும் தெரிந்துவிடும். அப்போதும் மனசு ஒட்டவில்லை என்றால், மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விற்றுவிடுங்கள், தப்பில்லை. இந்தக் கத்தியின் அருமை தெரிந்து வாங்குகிறவர்கள் பெங்களூரில் கிடைப்பார்கள், நம் பக்கம் குறைவு. பெட்டி, உள்ளே இருக்கும் தேதி போட்ட அட்டை, சாவி இவற்றைத் தூக்கி எறியாமல் வையுங்கள். வாங்குகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார்.